கோர்லிஸ்ல பாக்க என்ன இருக்கு

ஐயோ, இதுக்கெல்லாம் எதுக்கு டாக்டர் மன்னிப்பு? உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் தப்பா கேட்டுடலயே. ஒரே வண்டிக்குள்ள உக்காந்திருக்கோம், போன்ல பேசினா காதுல விழத்தான் செய்யும். அந்த ஊர்ல பாக்கறதுக்கு அப்படி என்னதான் இருக்கு, அதுக்காக நான் வேற பிளேன் ஏறி வரணுமாங்கறாரு. நியாயமான கேள்விதான். என் கூடப் பொறந்தவ சாக்ரமெண்டோல இருக்கா. நான் கோர்லிஸுக்கு வந்த நாள்லேருந்து அவளும் இதேதான் கேக்கறா. என்னடி இருக்கு அங்க, மண்ணும் காத்தும்தானேம்பா. நானும் ஏதோ சிரிச்சு மழுப்பிட்டு வெச்சிருவேன். இன்னைக்குத்தான் ஒழுங்கா ஒரு பதில் சொல்லணும்னு தோணுது.

சூடு ஜாஸ்தியா இருக்கா? அந்த ஹீட்டர் திருகு ஒடஞ்சு போச்சு, கொறைக்க முடியாது. ஜன்னல கொஞ்சம் எறக்கி விட்டுக்கோங்க. பிளேன் சாயங்காலந்தானே, நேரம் கெடக்கு. சால்ட் லேக் சிட்டி ஏர்போர்ட் போய்ச் சேர நாலு மணி நேரம், நடுவுல ஒரே ஒரு மலை. நான் கொண்டுபோய் விட்டுருவேன், கவலப்படாதீங்க.

கிளெண்டா காலைல என்னைய ஓரமா இழுத்துட்டுப் போனாளே, பாத்தீங்களா? செவப்புக் கோட்டு. வீடு வித்துக் குடுக்கிற பொம்பள, இப்ப ஊருக்கு டாக்டர் தேடற ஆஸ்பத்திரி கமிட்டிக்கும் அவதான் தலைவி. என்ன சொன்னா தெரியுமா? லோரீன், டாக்டர ஏர்போர்ட்ல எறக்கி விடறதுதான் உன் வேல, வாயத் தொறந்தா ஏரியப் பத்திப் பேசு, இல்ல வானத்தப் பத்திப் பேசு, ரெண்டும் தீந்து போச்சுன்னா வாய மூடிட்டு வண்டிய ஓட்டுன்னா. அவளுக்கு என்னையப் பாத்தாலே பயம். போன தடவ வந்த டாக்டர்கிட்ட இந்த ஊர்க் காத்து ஒரு தடவ என் கோழிக் கூண்டையே தூக்கிட்டுப் போன கதையச் சொல்லிட்டேன். அதுலேருந்து இப்படி.

சரி, ஏரியப் பத்திச் சொல்றேன். ஏரி நல்ல ஏரிதான் டாக்டர். ஊர்லேருந்து அரை மணி நேரம், மலை மேல. டிரவுட் மீனு இருக்கு. என் வீட்டுக்காரர் ஆண்டர் ஞாயித்துக்கிழமையானா தூண்டிலத் தூக்கிட்டுப் போயிருவாரு. மீனோட வந்த நாளு கம்மி. ஆனா திரும்பி வரும்போது மொகம் ஒரு மாதிரி தெளிஞ்சிருக்கும், அதனால நான் ஒண்ணும் கேக்கறதில்ல. வேற என்ன... மியூசியம் இருக்கு. சிரிக்காதீங்க. ரெண்டு தல ஆட்டுக்குட்டி ஒண்ணு பாடம் பண்ணி வெச்சிருக்காங்க. அதப் பாக்கணும்னா எதிர்த்தாப்ல முடி வெட்டுற கடைல சாவி வாங்கணும். அவன் யாருக்காவது சவரம் பண்ணிட்டிருந்தான்னா முடியற வரைக்கும் நிக்கணும். நின்னா அவனே ஊர்க் கத பூராவும் சொல்லிருவான், மியூசியம் போற வேலையே மிச்சம்.

சினிமாக் கொட்டாய் இருக்கு. ஒரே ஒரு திரை, வெள்ளி சனி மட்டும். டுவைட்டுன்னு ஒரு கெழவர் நடத்தறாரு. படம் மோசமா இருந்து ஜனங்க எந்திரிச்சு வெளிய வந்தாங்கன்னு வைங்க, வாசல்ல நின்னுட்டு, கடைசில அவன் செத்துருவான், அவ அவன் தம்பியக் கட்டிப்பா, நீங்க போயிட்டு வாங்கம்பாரு. உங்க சிகாகோவுல இது உண்டா சொல்லுங்க.

இல்லையா? பாத்தீங்களா, சிரிச்சுட்டீங்க.

உங்க வீட்டுக்காரர் நீச்சல் சொல்லிக் குடுக்கிறவருன்னு கிளெண்டா சொன்னா. நேத்து அவ அதச் சொல்லும்போது மூஞ்சி விழுந்து போச்சு. பாலைவனத்துல நீச்சல் வாத்தியாருக்கு என்ன வேலைன்னு நெனச்சிருப்பா. எனக்கு அப்படித் தோணல. கோர்லிஸ்ல ஒரு குளம் இருக்கு டாக்டர். ஸ்கூலுக்குப் பின்னால. பூமிக்குள்ளேருந்து சுடுதண்ணி ஊத்தா வருதில்ல, அதத் திருப்பி விட்டுக் கட்டினது. பனி கொட்டறப்பவும் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், மேல ஆவி பறக்கும். இப்ப பூட்டிக் கெடக்கு. ஏன்னா பாத்துக்க ஆளில்ல. எங்க ஊர்ப் புள்ளைங்க பாதிக்கு மேல தண்ணிய இடுப்புக்கு மேல பாத்ததில்ல. உங்க வீட்டுக்காரர் வந்தாருன்னா ஒரு வாரத்துல அதத் தொறந்துருவோம். நானே போய்ப் பாசியத் தேய்க்கறேன். சத்தியமாச் சொல்றேன். அவர ஒரு தடவ வரச் சொல்லுங்க, வந்து அந்தத் தண்ணில கைய மட்டும் வெச்சுப் பாக்கட்டும்.

இருங்க, இருங்க, நிறுத்தறேன். குதிரைங்க. அங்க பாருங்க, ரோட்ட மறிச்சுட்டு நிக்குதுங்க. யாரோடதும் இல்ல, காட்டுக் குதிரைங்க. ஹாரன் அடிச்சா மெரண்டு கண்ட பக்கமும் ஓடும், அதனால சும்மா இருக்கணும். அந்தச் சாம்பக் கலர் பெருசு இருக்கே, அதுதான் தலைவன். நம்மளப் பாத்து முடிவு பண்ணிட்டுத்தான் நகரும். போட்டோ எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க. வீட்டுக்காரருக்கு அனுப்புங்க. இதுக்கு டிக்கெட் கெடையாது, சாவி வாங்க வேண்டாம்.

போட்டோ போகலையா? சிக்னல் இருக்காது இங்க. மலைக்கு அந்தாண்ட எறங்கற வரைக்கும் இப்படித்தான். அப்புறமா அனுப்பிக்கலாம்.

ஒண்ணு சொல்றேன் டாக்டர், யார் வந்தா என்ன, வராட்டி என்னன்னு இருந்தவதான் நானும். ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்ன பெட்ரோல் போடற எடத்துல ஒரு புருஷன் பொண்டாட்டி கார நிறுத்திட்டு என்னையக் கேட்டாங்க, இந்த ஊர் நின்னு பாக்கற மாதிரி இருக்குமாங்கன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? நேரா போயிட்டே இருங்க, நல்லா இருப்பீங்கன்னேன். திமிரு. எங்க ஊரு எங்களுக்குப் போதும்னு ஒரு திமிரு. இப்ப அவங்க வந்தாங்கன்னா வண்டிச் சாவியப் புடுங்கி வெச்சுக்கிட்டுச் சுத்திக் காட்டுவேன்.

நானே இந்த ஊர்க்காரி இல்ல, தெரியுமா. இருபத்திரெண்டு வயசுல டென்வருக்கு வேலைக்குப் போயிட்டிருந்தேன். கோர்லிஸ் தாண்டறதுக்குள்ள காரு பொகைய ஆரம்பிச்சிருச்சு. மெக்கானிக்கு ஒரு சாமான் வரவழைக்கணும், ஒரு வாரம் ஆகும்னான். எனக்கு அழுகையே வந்துருச்சு. ஒரு வாரம் இந்தப் பொட்டல்லயான்னு. ஆண்டரோட வீட்டுக்காரங்க பாஸ்க் ஆளுங்க, ஆடு மேய்க்க ஸ்பெயின்லேருந்து வந்த குடும்பம், அப்ப மேய்ப்பனுங்களுக்குச் சோறு போடற விடுதி ஒண்ணு நடத்திட்டிருந்தாங்க. நேத்து உங்களுக்கு விருந்து வெச்சோமே, அதே எடம், இப்ப அவரோட அக்கா கோனி பாத்துக்கறா. நான் உள்ள போனேன். நீளமா ஒரே மேசை. யாரு பக்கத்துல யாருன்னு இல்ல, போய் உக்கார வேண்டியதுதான். ஒரு கெழவன் ஒரு வார்த்த பேசாம என் தட்டுல ஆட்டுக்கறியத் தள்ளிட்டு, சாப்புடு, மூஞ்சியெல்லாம் வாடிப் போயிருக்குன்னு சைகை காட்டினான். ஒரு வாரம் கழிச்சு சாமான் வந்துச்சு. மெக்கானிக்கு மாட்டிக் குடுத்தான். நான் மறுபடியும் அந்த மேசைலதான் போய் உக்காந்தேன்.

நீங்க அவ்வளவெல்லாம் இருக்க வேண்டாம். நான் கேக்கறது அது இல்ல. ரெண்டு வருஷம் வாங்க. சரி, ஒரு வருஷம். ஒரு வருஷம்கறது என்ன, கண்ண மூடித் தொறந்தா போயிரும். அதுவும் வேண்டாம், ஆறு மாசம் இருந்து பாருங்க, பிடிக்கலையா, நானே மூட்டை கட்டிக் குடுத்து இதே வண்டில கொண்டாந்து விடறேன். ஒரு வார்த்த கோவிச்சுக்க மாட்டேன்.

நெருக்கறேன்னு நெனக்காதீங்க. நெருக்கறேன்தான். தெரியுது.

உங்களுக்கு முன்னால வந்தவங்களையும் நான்தான் கூட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போனேன். ஒருத்தர், நல்ல மனுஷன், வேட்டைக்குப் போறேன், மீன் புடிக்கறேன், இதுதான் சொர்க்கம்னாரு. ஆண்டரு தூண்டிலே குடுத்தனுப்பினாரு. பத்து நாள் கழிச்சு, மனைவிக்கு இந்தக் காத்து ஒத்துக்காது, மன்னிக்கணும்னு சேதி. தூண்டில் மட்டும் பார்சல்ல திரும்பி வந்துச்சு. இன்னொரு பொண்ணு, சின்ன வயசு. வந்ததுலேருந்து போற வரைக்கும் நல்ல காபி எங்க கெடைக்கும்னு மட்டும்தான் கேட்டா. அடுத்த தடவைக்குன்னு கோனி ஒரு காபி மெஷினே வாங்கி வெச்சுட்டா. பாவம், அவளுக்கு அத ஓட்டத் தெரியல, நேத்து உங்களுக்குக் குடுத்தது அதுலேருந்துதான். கசந்துச்சா? சொல்லலாம், பரவால்ல.

நீங்க அப்படி இல்ல. நேத்து ஆஸ்பத்திரியச் சுத்திப் பாத்தீங்கல்ல, நான் பின்னாலதான் வந்தேன். பிரசவ ரூமுக்குள்ள நாற்காலி அடுக்கியிருந்ததையும் கிறிஸ்துமஸ் மரம் சாத்தி வெச்சிருந்ததையும் பாத்து நின்னுட்டீங்க. கிளெண்டா இது தற்காலிகம்தான்னா. நீங்க உள்ள போயி கட்டிலுக்கு மேல இருக்கிற அந்தப் பெரிய வெளக்கு எரியுதான்னு போட்டுப் பாத்தீங்க. எரிஞ்சுச்சு. மத்தவங்க யாரும் அதப் போட்டுப் பாக்கல டாக்டர். அப்பவே நான் மனசுக்குள்ள, இவங்கதான், இவங்கள விட்டுறக் கூடாதுன்னு நெனச்சேன்.

அந்த ரூம்புல எவ்வளவு சத்தம் கேட்டிருக்கு தெரியுமா. டாக்டர் ஹால்வர்சன்னு ஒருத்தர் இருந்தாரு. ஊர்ல முப்பது வயசுக்குக் கீழ இருக்கிற எல்லாரையும் பொறந்தப்ப தலகீழாப் புடிச்சவரு அவருதான். என் பொண்ணு நெரேயாவையும் அவருதான் எடுத்தாரு. மூட்டு தேஞ்சு போயி, நிக்க முடியல, பாவம், அரிசோனாவுக்குப் போயிட்டாரு. அவரு மேல யாருக்கும் கோவம் இல்ல. ஊரே கூடி வழியனுப்பினோம். அடுத்த மாசமே ஒருத்தர் வந்துருவாருன்னு எல்லாருக்கும் நெனப்பு. அவரு போயி இப்ப மூணாவது குளிர்காலம் வரப் போகுது.

இதோ, ஏத்தம் ஆரம்பிச்சிருச்சு. காது அடைக்கும், எச்சி முழுங்கிக்கோங்க. எடப் பக்கம் பாருங்க, மரமெல்லாம் மஞ்சளா நிக்குது பாருங்க. அக்டோபர்ல இந்த ஒரு வாரந்தான் இப்படி. அப்புறம் ஒரே காத்துல மொத்தமா உதுந்துரும். உங்க வீட்டுக்காரர் அடுத்த வாரம் வந்தாருன்னாக்கூட பாத்துரலாம்.

குளிர்காலத்துலயா? இந்த ரோடா? இருக்கும், இருக்கும். மூடிற மாட்டாங்க. அது... சில சமயம் மூடுவாங்க. நான் எதுக்கு இருக்கேன் அப்புறம். ஆமா, இதான் என் வேல. சொல்லலயா? ரோடு டிபார்ட்மெண்ட்டுல பனி தள்ளுற லாரி ஓட்டறேன். முன்னால ஆள் ஒசரத்துக்கு இரும்புத் தகடு, பின்னால மணலும் உப்பும் கொட்டிட்டே வரும். பதினெட்டு வருஷமா இந்த மலைதான். ஒவ்வொரு வளைவுலயும் கண்ண மூடிட்டு ஓட்டுவேன். உங்கள வெச்சுக்கிட்டு மூட மாட்டேன், பயப்படாதீங்க.

இந்த எடத்துல...

ஒண்ணுமில்ல. ஹாரன் சும்மா அடிச்சேன். மானு கீனு இருந்தா ஒதுங்கட்டும்னு. இல்ல, இப்ப எதுவும் இல்லதான். ஒரு பழக்கம். இந்த வளைவு வந்தா கை தன்னால போயிரும். அடிக்காமப் போனா என்னமோ மாதிரி இருக்கும்.

வானம் எப்படி இருக்கு பாருங்க. கிளெண்டா வானத்தப் பத்திப் பேசச் சொன்னா. ராத்திரில நட்சத்திரம் பாக்கறதுக்குன்னே டெலஸ்கோப்பத் தூக்கிட்டு ஆளுங்க வராங்க. நெறைய... ரொம்ப நெறைய இருக்கும். எனக்கு அதுல ஒண்ணும் பேரு தெரியாது.

வண்டிய ஒரு நிமிஷம் ஓரமா நிறுத்தறேன், டாக்டர். சுகர் இல்ல, பிரஷர் இல்ல. தண்ணி இருக்கு, குடிக்கறேன். ஒண்ணுமில்ல, உக்காருங்க நீங்க.

கிளெண்டா என்னையக் கொன்னே போடுவா. போகட்டும். ஏரியச் சொல்லி ஒருத்தரும் வரல, வானத்தச் சொல்லி ஒருத்தரும் வரல.

போன ஜனவரில நெரேயாவுக்கு எட்டு மாசம். மொத கொழந்த. மருமகன் கார்ட்டர் சுரங்கத்துல வேல செய்யறவன், தொட்டில் தானே செஞ்சிருந்தான், ஒரு கால் குட்டை, அட்டைய மடிச்சு வெச்சிருந்தான். பிரசவத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடியே சால்ட் லேக் போயி ரூம் எடுத்துத் தங்கறதாப் பேச்சு. இப்பல்லாம் எங்க ஊர்ப் பொண்ணுங்க அப்படித்தான் போறாங்க. நாங்களும் அப்படித்தான் ஏற்பாடு பண்ணியிருந்தோம். ஆனா அதுக்கு மூணு வாரம் முன்னாடியே ஒரு நாள் காலைல எந்திரிச்சிருக்கா, வயிறு கல்லு மாதிரி ஆயிருக்கு, ரத்தம் போகுது. கார்ட்டர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கான். அன்னைக்கு இருந்தது வெளியூர்லேருந்து மொறை மாத்தி வர சின்னப் பையன் டாக்டர், நல்லவன், அவனால முடிஞ்சதெல்லாம் செஞ்சான். ரத்தம் ஏத்தினான். ஆனா கத்திய எடுக்க ஆளில்ல, மயக்கம் குடுக்க ஆளில்ல. உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், அந்த மாதிரி நேரத்துல என்ன செய்யணும்னு உங்களுக்குத் தெரியும். வெளிய பேய்ப் பனி. ஹெலிகாப்டர் எறங்க முடியாதுன்னுட்டாங்க. அப்ப ரோடுதான்.

நான் மேல இருந்தேன், உச்சில எங்க லாரி ஷெட்டுல. ரேடியோல கூப்டாங்க. லோரீன், ஆம்புலன்ஸ் வருது, அடிவாரத்துக்கு எறங்கிப் போயி முன்னால பனியத் தள்ளி வழி பண்ணிக் கூட்டிட்டுப் போன்னாங்க. யாருன்னு கேட்டேன். அந்தப் பக்கம் பேச்சே இல்ல. சின்ன ஊரு டாக்டர், யாருக்கு என்னன்னு சொல்லாம இருக்க மாட்டாங்க. சொல்லாததுலேயே தெரிஞ்சு போச்சு. நெரேயாவான்னேன். ஆமான்னாங்க. வேற ஆள அனுப்பட்டுமான்னாங்க. வேற யாரு இருக்காங்க அந்த மலைல.

போனேன். அடிவாரத்துல ஆம்புலன்ஸ் நின்னுச்சு. எறங்கிப் போயி அவளப் பாக்கக்கூட இல்ல. பாத்தா திரும்ப ஏற மாட்டேன்னு தெரியும். ரோவீனா, எங்க தபாலாபீஸ்ல இருக்கிறவ, அவதான் அன்னைக்கு உள்ள கூட இருந்தா, ஆம்புலன்ஸுக்குச் சம்பளம் வாங்காம வரவ. அவ பின்கதவுக் கண்ணாடி வழியா கையக் காட்டினா, போ போன்னு. நான் முன்னால, பொண்ணு பின்னால. மிதிக்க முடியாது டாக்டர். அதுதான் கொடும. வேகமாப் போனா தகடு தூக்கிக்கும், அடில ஐஸு அப்படியே நிக்கும், பின்னால வர ஆம்புலன்ஸ் சறுக்கிப் பள்ளத்துல போயிரும். சைக்கிள் போற வேகந்தான். கண்ணாடில பாத்தா பனிக்குள்ள அந்தச் செவப்பு வெளக்கு மட்டும் தெரியும், ஒரு சமயம் தெரியாது, மறுபடி தெரியும். தெரியாத நேரமெல்லாம் எனக்கு உசுரு நின்னுரும். மத்தியான நேரந்தான், ஆனா எங்க பாத்தாலும் ஒரே வெள்ளை, கண்ணக் கட்டிவிட்ட மாதிரி. நான் கத்திட்டே ஓட்டினேன். என்ன கத்தினேன்னு இப்ப ஞாபகம் இல்ல.

இந்த வளைவுக்கு வரும்போது பின்னால ஹெட்லைட்ட அணைச்சு அணைச்சுப் போட்டாங்க. நிறுத்துன்னு அர்த்தம். எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? பொறந்துருச்சுன்னு தோணுச்சு. எட்டு மாசத்துல பொறந்து பொழச்ச புள்ளைங்க எத்தன பேரு இருக்காங்க, டாக்டர் ஹால்வர்சன் அப்படி எத்தன எடுத்திருக்காரு. நான் பாட்டியாயிட்டேன்னு நெனச்சேன். லாரி ஹாரன் இருக்கே, கப்பல் சத்தம் மாதிரி இருக்கும், அத அமுக்கிப் புடிச்சேன். நல்லா நீளமா. மலைக்கே சொல்ற மாதிரி.

எறங்கி ஓடினேன். ரோவீனா பின்கதவத் தொறந்துட்டு நின்னா. கைல துண்டுல சுத்தி வெச்சிருந்தா. பொம்பளப் புள்ள. முடி நெறைய இருந்துச்சு, கார்ட்டர் மாதிரியே. நான் அழுகைச் சத்தம் வரும் வரும்னு பாத்துட்டே நிக்கறேன். காத்துச் சத்தம்தான் வந்துச்சு. ரோவீனா இல்லன்னு தலைய மட்டும் ஆட்டினா. அவ ஒதடு நீலமா இருந்துச்சு, புள்ள வாய்ல எவ்வளவு நேரம் ஊதியிருக்காளோ.

உக்காந்து அழக்கூட முடியல. நெரேயாவுக்கு ரத்தம் நிக்கல. ரோவீனா என் தோளப் புடிச்சுத் திருப்பி, லோரீன், இவ இன்னும் இருக்கா, போய் வண்டிய எடுங்கன்னா. பேத்தியப் பாத்த கையோட திரும்ப ஏறி உக்காந்தேன். இந்த மலை எறங்கற வரைக்கும் அதே சைக்கிள் வேகம். அந்தாண்ட எறங்கினப்புறம் ரோடு தெளிவா இருந்துச்சு, என்னையத் தாண்டிட்டு ஆம்புலன்ஸ் பறந்துச்சு. நான் ஓரமா நிறுத்தி, அப்பத்தான்...

இல்ல, அழாதீங்க. உங்கள அழ வைக்கச் சொல்லல. ஐயோ, பாருங்க, துடைச்சுக்கோங்க, பேப்பர் அந்த டப்பாக்குள்ள இருக்கு.

பொழச்சுட்டா, பொழச்சுட்டா. அந்த ஆஸ்பத்திரில நல்லாப் பாத்துக்கிட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். இதே ரோடு, வேற ரோடு ஏது. ஆண்டரு ஓட்டினாரு. இந்த வளைவு வந்துச்சு. அவளுக்கு எந்த எடம்னு தெரியாதுன்னு நெனச்சிருந்தேன். அவ தலையத் திருப்பாமலே சொன்னா, அம்மா, அன்னைக்கு நீ ஹாரன் அடிச்சது எனக்குக் கேட்டுச்சும்மா, அதனால புள்ள நல்லா இருக்குன்னு நெனச்சுட்டேம்மான்னா. அவளுக்கு மயக்கம் தெளிஞ்சு இன்னொருத்தர் வந்து சொல்ற வரைக்கும் அப்படியே நெனச்சுட்டிருந்திருக்கா. என் சத்தத்தக் கேட்டு.

சரி, போலாம். பிளேனப் புடிக்கணுமே.

நான் உங்களுக்குப் பொய் சொல்ல விரும்பல டாக்டர். உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிருங்க. பாக்கறதுக்குன்னு பெருசா ஒண்ணுமில்ல. ரெண்டு தல ஆட்டுக்குட்டிய ஒரு தடவதான் பாக்க முடியும். காத்து கூண்டத் தூக்கும். காபி கசக்கும். ஆனா அந்த ரூம்புல இருக்கிற நாற்காலியெல்லாம் ஒரு மணி நேரத்துல வெளிய எடுத்துப் போட்டுருவோம். ஊரே வரும். நீங்க வரேன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், நீங்க வந்து எறங்கறதுக்குள்ள தரையக் கழுவி வெச்சிருப்போம். மயக்கம் குடுக்கறதுக்கு ஒரு ஆளு, நீங்க வந்தாத் தானும் வரேங்கறாரு. உங்களுக்காகத்தான் எல்லாம் நிக்குது.

நெரேயாவா? இப்ப எப்படி இருக்கான்னா... நல்லா இருக்கா. ரொம்பப் பேசறதில்ல, ஆனா நல்லா இருக்கா. நேத்துக் கோனியோட மேசைல உங்களுக்கு சூப்பு ஊத்தினாளே, அவதான். எதுவும் சொல்லாதடின்னு நான்தான் சொல்லி வெச்சிருந்தேன். டாக்டரம்மா தாங்களா வரட்டும், நம்மளப் பாத்துப் பரிதாபப்பட்டு வர வேண்டாம்னு அவளும் சொன்னா.

நீங்க கவனிக்கலயா? டாக்டராச்சே, ஏப்ரன் கட்டியிருந்தாலும் கண்டுபுடிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். அஞ்சு மாசம். பிப்ரவரி நடுவுலன்னு சொல்லியிருக்காங்க. முன்கூட்டியே போயித் தங்கறதாத்தான் இந்தத் தடவையும் பேச்சு. ஆனா பேசினபடி நடக்கும்னு யாரு கண்டா. அதனால நான் டிபார்ட்மெண்ட்டுல இப்பவே சொல்லி வெச்சுட்டேன், ஜனவரியும் பிப்ரவரியும் இந்த மலைக்கு என்னையத் தவிர யாரையும் போடாதீங்கன்னு. நீங்க வரலைன்னா நான்தானே டாக்டர், ஆம்புலன்ஸுக்கு முன்னால போகணும்.